கையெழுத்தால் எழும்பிய விமானம்

இந்திய விமானப் படை 1932ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் தோற்றுவிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939இல் அதற்கு ஒரே படைப்பிரிவுதான் இருந்தது. 1945இல் போர் முடிந்தபோது ஒன்பது இருந்தன. விரைந்து வளர்ந்த அப்படைக்கு விமானிகளைவிடப் பன்மடங்கு தொழில்நுட்பப் பணியாளர் தேவைப்பட்டனர். அவ்வாறு சேர்ந்தவர்களுள் எம் பாட்டனாரின் தம்பியும் ஒருவர்.

அவர்க்கு அவ்வாய்ப்பைத் தந்தது கல்வியே. 1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்டோர்க்கெனப் பள்ளிகளைத் திறந்தது. அத்தகைய பள்ளியொன்றில் தொடங்கி, நான்காம் பாரம் வரை அவர் பயின்றார்.

"சின்னத் தாத்தா ஏரோப்பிளேன் ஓட்டினார்" என்றே எம் அத்தைமார் சொல்லி வந்தனர். அவர் விட்டுச் சென்ற படை விடுவிப்புப் புத்தகமோ அவரை 'இன்ஜின் பிட்டர்' என்கிறது. இதனால் அவர் பெருமை குறைந்ததா? இல்லை. பிட்டரின் பணி யாதென அறிந்தால், உள்ளது உள்ளபடியே போதும் என்பது விளங்கும்.

போர் விமானம் ஒவ்வொன்றுக்கும் 'பாரம் 700' என்னும் பதிவேடு உண்டு. இன்ஜினைச் சோதித்தவர் அதில் கையெழுத்திட வேண்டும். அதைப் பார்த்து விமானியும் கையெழுத்திட்ட பின்னரே விமானம் புறப்படும். கடன் பத்திரத்தில் பெருவிரல் ரேகை மட்டுமே வைத்துப் பழகிய குடும்பத்தில் பிறந்தவரின் கையெழுத்தை நம்பி ஒருவர் தம் உயிரை வானில் செலுத்தினார்.

1944 மார்ச்சு இறுதியில் ஜப்பானியர் இம்பாலின் சாலையை அறுத்தனர். சூன் 22 வரை அது திறக்கவில்லை. அர்ஜன் சிங் தலைமையில் முதலாம் படைப்பிரிவின் ஹரிகேன் விமானங்கள் அங்கிருந்தே போரிட்டன. அம்முற்றுகைக்குள் தாம் இருந்ததாகத் தாத்தா கூறுவாராம். உணவு அளவாகவே கிடைத்தது, மழையில் நனைந்தபடி இரவெல்லாம் இன்ஜினைக் கழற்றி மாட்டினோம் என்பாராம். "அங்கே என் சாதியைக் கேட்க யாருக்கும் நேரமில்லை" என்று அவர் சொன்னதை அத்தைமார் மறக்கவில்லை.

1946இல் அவர் ஊர் திரும்பினார். தேநீர்க் கடையில் அவர்க்குக் கொட்டாங்குச்சியே நீட்டப்பட்டது. அவர் அதை வாங்கவில்லை. பின்னர் அக்கடையின் படியை மிதிக்கவுமில்லை. மாலைதோறும் சேரிப் பிள்ளைகளைத் திண்ணையில் அமர்த்தி, முதலில் தத்தம் பெயரை எழுதக் கற்பித்தார்.

இளைஞர்களே! இத்தகையோர் நம் குடும்பங்கள் பலவற்றில் இருந்திருப்பர். அவர்தம் பெயர் எந்த வரலாற்று நூலிலும் இல்லை. பரணிலுள்ள டிரங்குப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். முதியோர் கூறுவதை ஒரு தாளிலும், ஆவணம் கூறுவதை மறு தாளிலும் எழுதுங்கள். இரண்டும் வேறுபட்டால் எதையும் மறைக்க வேண்டா. நம்மவர் ஆற்றிய பணிக்கு மிகைப்படுத்தல் தேவையில்லை. அதை எழுதி வைக்கும் கைகளே தேவை.