துண்டின்கீழ் விலையும் அவையறிந்த விலையும்

நம் பக்கத்துக் கால்நடைச் சந்தைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு முறையை நம் சங்கத்தார் அறிவர். தரகர் தோள்துண்டை எடுத்துக் கையின்மேல் போர்த்துவார். அதன் மறைவில் விரல்களைப் பற்றி விலை பேசப்படும். வாய் ஒன்றும் சொல்லாது. சூழ நிற்போர் ஒன்றும் அறியார். விற்பவன் தன் பொருளுக்குப் பிறர் யாது தரக்கூடும் என்பதை அறியாமலே வீடு திரும்புவான். உழவர் விளைபொருள் விற்ற வரலாறு முழுதும் இத் துண்டை விலக்க முயன்ற வரலாறே என்பதும், அத் துண்டு இன்று ஒப்பந்தச் சாகுபடி என்னும் பெயரில் மீண்டும் விரியக்கூடும் என்பதும் ஈண்டு யாம் காட்டப் புகுந்தவை. இதற்குப் புகையிலையைச் சான்றாகக் கொண்டோம். அதன் தீமை யாவரும் அறிந்தது. அதனைப் புகழ்தல் எம் கருத்தன்று. ஏலம், ஒப்பந்தம் என்னும் இரு முறைகளும் நெடிது பயின்ற பயிர் அஃது ஆதலின் அதனை எடுத்தோம்.

புகையிலை போர்த்துகீசியர் வழியாக இந்நாடு புகுந்தது. அந்நாளைய சென்னை மாகாணத்தில் குண்டூர் அதற்குப் பேரிடமாயிற்று. 1912-இல் அங்கே இந்திய இலைப் புகையிலை வளர்ச்சிக் கம்பெனி தோன்றியது; 1920-களில் சூளையில் உலர்த்தும் வர்ஜீனியா இலை பரவியது. விதையும் அறிவுரையும் வாங்குவோரிடமிருந்தே வந்தன. இலையின் தரத்தைக் கூறுவோரும் விலையைக் கூறுவோரும் அவரே ஆயினர்.

1928-இல் வெளிவந்த வேளாண்மை அரச ஆணைக்குழுவின் அறிக்கை, சந்தைகளில் உழவர் படும் இன்னலை எடுத்துரைத்தது. கள்ள எடை, தரகு, மகமை, காரணமற்ற கழிவு, மறைவில் பேசும் விலை என அவ்வின்னல் பலவாம். அதன் பின்னர் 1933-இல் சென்னை வாணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் பிறந்தது. பருத்தி, நிலக்கடலை, புகையிலை ஆகிய மூன்றும் அதனுள் அடங்கின. 1936-இல் திருப்பூரில் முதற் சந்தை அமைந்தது. வணிகர் சிலர் இச்சட்டத்தை எதிர்த்து வழக்காடினர். உச்ச நீதிமன்றம் 1958-இல் சட்டம் செல்லும் என்றே தீர்த்தது. துண்டு விலக முப்பது ஆண்டுகள் சென்றன என்பதை நம் இளைஞர் நினைவிற் கொள்க.

நிற்க. 1975-இல் புகையிலை வாரியச் சட்டம் இயற்றப்பெற்று, 1976-இல் குண்டூரைத் தலைமையிடமாகக் கொண்டு வாரியம் அமைந்தது. அதன் ஏல மேடைகள் 1984-இல் கருநாடகத்திலும் அடுத்த ஆண்டு ஆந்திரத்திலும் தொடங்கின. சிப்பத்தை எடையிட்டுத் தரம் குறித்து, வணிகர் பலர் முன்னிலையில் விலை கேட்பர். விலை பிடியாவிடின் உழவர் மறுக்கலாம். இதுவே அவையறிந்த விலை. ஆயினும் இம்மேடை வர்ஜீனியா இலைக்கே உரியது. நம் நாட்டு வாய்ப்புகையிலைக்கு அந்நிழல் இல்லை.

ஏலம் ஒன்றே எல்லாம் தருமோ எனின், தாராது. 2015-இல் பிரகாசம் மாவட்டத்தில் ஏல மேடைகள் இருந்தும் விலை வீழ்ந்தது. உழவர் உயிர் துறந்த செய்தியும் கேட்டோம். வாங்குவோர் சிலரேயாயின் மேடை வெறும் பலகையே. மேலும், விதைக்கும் நாளில் கையில் காசு வேண்டும். ஏலமோ அறுவடைக்குப் பின்னரே வரும். தென் ரொடீசியா எனப்பட்ட சிம்பாப்வேயில் 1936 முதல் ஏலமே கட்டாயமாக இருந்தது. 2004-இல் ஒப்பந்தமுறை புகுந்தது. இன்று அந்நாட்டுப் புகையிலையில் பெரும்பகுதி ஒப்பந்தத்தின் வழியே விலைபோகின்றது. உரமும் முன்பணமும் தருவார் வேறிலர் என்பதே காரணம். ஆகவே ஒப்பந்தத்தை நாடும் உழவரை அறிவிலர் என்று இகழ்தல் தகாது.

ஆனால் எழுத்தில்லா வாக்குறுதி யாதாகும் என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. ஆந்திரத்தில் கருப்புப் பர்லி என்னும் வகை வாரிய ஏலத்திற்கு உட்பட்டதன்று. முந்தை ஆண்டுகளின் நல்விலையை நம்பிப் பலர் அதனைப் பயிரிட்டனர். 2025-இல் வாங்குவோர் பின்வாங்கவே, இலை களத்திலும் வீட்டிலும் தேங்கியது. மாநில அரசே மார்க்ஃபெட் வாயிலாகக் கொள்முதல் செய்ய நேர்ந்தது.

எம் இல்லத்தும் இதனைக் கண்டோம். எம் தந்தையார் ஒரு வணிகரிடம் முன்பணம் பெற்றுப் புகையிலை இட்டார். பாடம் செய்த இலையை வண்டியில் ஏற்றிச் சென்ற நாளில், "ஈரம் மிகுதி" என்ற ஒரு சொல்லால் விலையில் பெரும்பகுதி கழிந்தது. எடையும் அவர் தராசு. ஈரமும் அவர் விரல். எந்தையார் மீண்டு வந்து திண்ணையில் அமர்ந்தார். இரவு உணவு கொள்ளவில்லை. கடன் தீர மூன்று போகம் ஆயிற்று.

இன்று நம்மவரிடம் கோழிக்கும் விதைப்பயிருக்கும் ஒப்பந்தம் கேட்டு முகவர் வருகின்றனர். மேட்டூர் அணை 1934-இல் அமைந்தும், நம் மேட்டு நிலத்தார் கிணற்றையும் மழையையுமே நம்பி வாழ்கின்றனர்; ஆதலின் நிலையான விலை என்னும் சொல் செவிக்கு இனிக்கின்றது. இனிக்கட்டும், ஆயின் துண்டை விலக்கிப் பேசுக. தமிழ்நாட்டில் ஒப்பந்தச் சாகுபடிக்கென 2019-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டுள்ளது. உடன்படிக்கையை எழுதிப் பதிவு செய்தல் அதன் நெறி. விலை யாது, தரம் யார் கூறுவர், எடை எவர் தராசில், நோயால் அழிந்தால் இழப்பு யாருடையது, பணம் எந்நாள் என்னும் ஐந்தும் தாளில் இல்லையேல் கையெழுத்து இடற்க. படிக்க அறியாதார் இருப்பின், பள்ளியிற் பயிலும் தம் பிள்ளைகளைக் கொண்டு உரக்கப் படிக்கக் கேட்க. தனியே செல்லாது பத்துப்பேர் கூடிச் செல்க. ஒருவனுக்கு மறுக்கும் விலையைப் பதின்மர்க்கு மறுத்தல் அரிது.

ஏலமாயினும் ஒப்பந்தமாயினும் விலை வெளிச்சத்தில் பேசப்படுதலே உழவன் காப்பு. சங்கத்தார் மாதக் கூட்டந்தோறும் இத்தகைய தாள்களைப் படித்துக் காட்ட ஓர் உறுப்பினரை அமர்த்துதல் வேண்டும் என்பது எம் விண்ணப்பம். அப்பணிக்கு யாமே முதற்கண் உடன்படுகின்றோம்.