பங்கு கொடுத்தால் மட்டும் போதுமா? நம் மலை சொல்லும் பாடம்



உங்களில் பலர் இன்று திருப்பூரிலும் கோவையிலும் சென்னையிலும் பத்துப் பேரை, நூறு பேரை வைத்து வேலை வாங்கும் பொறுப்பில் இருக்கிறீர்கள். போனில் பேசும்போது ஆளாளுக்குச் சொல்லும் குறை ஒன்றுதான். "சார், ஆள் நிக்க மாட்டேங்குறாங்க. நின்னாலும் மனசு வச்சு வேலை செய்ய மாட்டேங்குறாங்க."

இதற்குப் பதில் தேடி அமெரிக்கப் புத்தகம் எதையும் புரட்ட வேண்டியதில்லை. போடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மலையிலேயே நூற்றைம்பது வருட அனுபவம் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைப்பகுதியை எழுதி வாங்கினார். 1897-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி உருவானது. அன்றைக்கு மூணாறுக்கு வாசல் என்றால் நம் பக்கம்தான். தேயிலைப் பெட்டிகள் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்கு வரும். 1924 வெள்ளம் அந்த ரயிலையே அடித்துக்கொண்டு போய்விட்டது.

தேயிலை இறங்கிய மலைக்கு நம் சனங்கள் வேலைக்கு ஏறினார்கள். அவர்களை அழைத்துப் போனவர் கங்காணி. துரையிடம் முன்பணம் வாங்கி வந்து ஊரில் கொடுப்பார், ஆள் சேர்ப்பார். அவர் கூட்டிப்போன ஆட்கள் வேலை செய்யும் நாளுக்கெல்லாம் அவருக்குக் கமிஷன் உண்டு. வாங்கிய முன்பணம் தீரும்வரை தொழிலாளி நகர முடியாது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1859-ல் ஒரு சட்டமே இருந்தது. முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போனால் ஜெயிலுக்கு அனுப்பலாம். 1920-களில்தான் அதை நீக்கினார்கள்.

கவனியுங்கள். அந்தக் காலத்திலும் ஆள் நின்றார்கள்! கடனும் பயமும் நிறுத்தி வைத்திருந்தன. ஆள் நிற்பது வேறு, மனசு நிற்பது வேறு. இந்த வித்தியாசம் புரியாத நிர்வாகி இன்றைக்கும் கங்காணிதான். முன்பணத்துக்குப் பதில் சர்ட்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறார், அவ்வளவே.

சுதந்திரத்துக்குப் பிறகு 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, மருத்துவம், பிள்ளைகளுக்குக் காப்பகம் எல்லாம் முதலாளியின் கடமை ஆயின. கம்பெனியும் கைமாறியது. 1964-ல் டாடா பின்லே, 1983-ல் டாடா டீ.

அடுத்து வருவதுதான் முக்கியமான கட்டம். 1990-களின் கடைசியில் தேயிலை விலை சரிந்தது. பீர்மேடு பக்கம் முதலாளிகள் தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். தொழிலாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. மூணாறில் டாடா டீ விலக முடிவு செய்தபோது வேறு வழி கண்டார்கள். 2005 ஏப்ரலில் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புதுக் கம்பெனி பிறந்தது. அதில் பெரும்பான்மைப் பங்கு ஊழியர்கள் கையில். கொழுந்து எடுக்கிற பெண்ணும் பங்குதாரர்! பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்கள் வேலை செய்யும் இடத்தில் இது சாதாரண விஷயமில்லை. பங்கேற்பு நிர்வாகம் என்று பெயர் வைத்தார்கள். நட்டத்தில் கிடந்த தோட்டம் லாபத்துக்குத் திரும்பியது. பல நாடுகளில் இதை உதாரணமாகப் பேசினார்கள்.

பத்து வருடம் கழித்து, 2015 செப்டம்பர். லாபம் குறைந்துவிட்டது என்று சொல்லி அந்த வருட போனஸை 10 சதவீதமாகக் குறைத்து அறிவித்தது கம்பெனி. ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு ரோட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நம் மாவட்டங்களிலிருந்து போன குடும்பங்கள். அன்றைக்கு நாள் கூலி 232 ரூபாய். தொழிற்சங்கத் தலைவர்களைக்கூடக் கிட்டே விடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்ற பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. ஒன்பது நாள் போராட்டம். முதலமைச்சர் உம்மன் சாண்டி பேச்சுவார்த்தை நடத்தி, 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை, ஆக 20 சதவீதம் என்று முடிந்தது. அடுத்த மாதம் கூலி 301 ரூபாய் ஆனது.

இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன். வகுப்பில் கேட்பது போலவே. பங்குதாரர்கள் தங்கள் கம்பெனிக்கு எதிராகவே ஏன் ரோட்டில் உட்கார்ந்தார்கள்?

பங்குப் பத்திரம் பெட்டிக்குள் இருந்தது. வாழ்க்கை லயத்தில் இருந்தது. ஒழுகும் கூரை, அட்டைக்கடி, தலையில் கொழுந்து மூட்டை, பிள்ளையின் படிப்புச் செலவு, இவை மேலே போய்ச் சேரவில்லை. சொல்ல வேண்டிய சங்கத்தையும் அந்தப் பெண்கள் நம்பவில்லை. போனஸ் ஒரு பொறி. அதற்கு முன்பே சருகு நிறையக் குவிந்திருந்தது. "நீயும் முதலாளி" என்று சொல்லிவிட்டு, முடிவெடுத்த பிறகு நோட்டீஸ் போர்டில் ஒட்டினால், அந்த முதலாளி என்ற வார்த்தைக்கு என்ன பொருள்?

2005-ல் செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அது நடக்காவிட்டால் மூணாறும் பீர்மேடு வழியில் போயிருக்கலாம். அதே மலையில் 'ஸ்ருஷ்டி' என்ற அமைப்பும் இருக்கிறது. தொழிலாளர் வீட்டு மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் வேலையும் கொடுக்கிறார்கள். "எனக்குப் பின்னால் இந்தப் பிள்ளை என்ன ஆகும்" என்ற தாயின் பயத்தைப் புரிந்துகொண்ட காரியம் அது. ஆனால் ஒரு நல்ல காரியம் இன்னொரு குறையைக் கேட்காமல் இருப்பதற்குச் சமாதானம் ஆகாது.

தேயிலையை விட்டு நம் ஏலத்தோட்டத்துக்கு வருவோம். ஏலச்செடியின் சரம் தூரை ஒட்டித் தரையில் கிடக்கும். ஒரே சரத்தில் பூ, பிஞ்சு, விளைந்த காய் மூன்றும் இருக்கும். குனிந்து, விளைந்ததை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். பிஞ்சைப் பறித்தால் காய்ந்ததும் சுருங்கிப்போகும். பழுக்க விட்டால் ஸ்டோரில் வெடித்துவிடும். போடி ஏல மையத்தில் விலை அங்கேயே விழுந்துவிடும். ஒவ்வொரு காயையும் மேஸ்திரி பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? முடியாது. தோட்டத்தின் லாபம் அந்தப் பெண்ணின் விரல் நுனியில், அவள் மனசில் இருக்கிறது.

விடியும் முன்னே போடிமெட்டு வழியாக ஜீப்பில் ஏறிப்போகிற தாய்மார்களின் பிள்ளைகளுக்கு நான் பல வருடம் பாடம் எடுத்தவன். அந்தத் தாய்மார்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். "அந்தத் தோட்டம்னா வர்றேன், இந்தத் தோட்டம்னா வரலை." பல நேரம் கூலி ஒன்றாகத்தான் இருக்கும். சாப்பிட உட்கார ஒரு மழை மறைப்பு, உடம்பு சரியில்லாத நாளில் ஒரு நல்ல வார்த்தை, சனிக்கிழமை கணக்கில் குறையாத காசு, இவற்றில்தான் வித்தியாசம். இன்று ஆள் கிடைக்காமல் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் கூட்டி வருகிறார்கள். அவர்களும் இதே கணக்கைத்தான் போடுவார்கள்.

நிர்வாகத்தில் இருக்கும் என் மாணவர்களுக்கு இந்த வரலாற்றிலிருந்து நாலு வார்த்தை:

1. சொன்ன காசை, சொன்ன நாளில் கொடுங்கள். குறைக்க வேண்டிய நிலை வந்தால் முடிவெடுக்கும் முன்பே கணக்கை விரித்துக் காட்டுங்கள். லாபத்தில் பங்கு என்றால் கணக்கிலும் பங்கு உண்டு.

2. இடையில் நிற்பவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். கங்காணியோ, சூப்பர்வைசரோ, சங்கமோ, யாராக இருந்தாலும் சரி. வாரம் ஒருமுறை நீங்களே வேலை நடக்கும் இடத்துக்குப் போய்க் கேளுங்கள். கேட்டதில் ஒன்றையாவது அடுத்த வாரத்துக்குள் சரிசெய்யுங்கள். கேட்டுவிட்டு மறந்துபோவது கேட்காமல் இருப்பதைவிட மோசம்.

3. கழிப்பறை, குடிநீர், உட்கார இடம். இவை சலுகை அல்ல. ஒரு மனிதரை மனிதராகப் பார்க்கிறோமா என்பதன் முதல் அடையாளம்.

4. நன்றாகச் செய்த வேலையைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். "நம்ம ஆளுங்க" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாதீர்கள். பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

மூணாறுப் பெண்கள் வேலையை விட்டுப் போகவில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். குறை தீர்ந்ததும் திரும்பக் கூடையை எடுத்துக்கொண்டு மலை ஏறினார்கள். சண்டை போடுகிற தொழிலாளி இன்னும் உங்களோடு இருக்க நினைக்கிறவர். பேசாமல் இருப்பவரைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

தோட்டத்திலோ மில்லிலோ ஐ.டி. கம்பெனியிலோ, நீங்கள் பார்த்த நல்ல நிர்வாகி யார், அவர் என்ன செய்தார் என்று கீழே எழுதுங்கள். தோட்ட வேலை செய்த அம்மா, பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அனைவரும் நலமாக இருங்கள்.