மழைக்கால அடுப்பும் உப்பு வரியும்

கேளம்பாக்கத்தில் ஐப்பசி மழை பிடித்தால் உப்பளத்தில் வேலை நிற்கும். எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும். கோடையில் கோவளத்து மீனை உப்பிட்டுக் காயவைப்பது இந்த நாட்களுக்காகத்தான். "உப்ப பாத்துப் போடு, கருவாடே விடும்" என்று ஆயா சொல்லும்.

அந்த உப்பை 1805இல் கம்பெனி சென்னை மாகாணத்தில் தன் ஏகபோகமாக்கியது. அளத்தில் வாரியவரும் விலைக்குத்தான் வாங்கணும். வரி ஏற ஏற, மீன் உலர்த்துவதே கட்டுப்படியாகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அரசே கடலோரத்தில் மீன் உலர்த்தும் முற்றங்கள் திறந்து, அங்கே மட்டும் வரியில்லா உப்பு கொடுத்தது. தன் வரி எந்தச் சட்டியைத் தொட்டது என்பதற்கு அரசே தந்த சாட்சி அது.

1947இல்தான் அந்த வரி ஒழிந்தது. வேதாரண்யம் என்றதும் நமக்கு 1930இன் நடைப்பயணம்தான் ஞாபகம் வருது. மழைக்கால அடுப்பையும் சேர்த்து நினைக்கணும்.