முல்கோவால் குப்பி

பம்பாயில் 1896இல் தலைகாட்டிய பிளேக் கொள்ளைநோய்க்கு எதிராக, ஒடெசாவில் பிறந்த நுண்ணுயிரியலாளர் வால்டெமார் ஹாஃப்கின் ஆக்கிய தடுப்பு மருந்து, இறைச்சிச் சாற்றின் மேல் மிதக்கும் நெய்த்துளிகளிலிருந்து விழுதுபோல் இறங்கி வளரும் பிளேக் கிருமிகளை வெப்பத்தால் கொன்று, வேறு கிருமிகள் அண்டாதிருக்கக் கார்பாலிக் அமிலம் சேர்த்து உருவாக்கப்பட்டது. 1897 ஜனவரி 10 அன்று அதைத் தம் உடலிலேயே முதலில் செலுத்திக்கொண்ட அவர், அம்மாத இறுதியில் பைக்குல்லா சிறைக் கைதிகளுள் முன்வந்தோருக்கு அளித்து, ஊசி போட்டுக்கொள்ளாத கைதிகளோடு ஒப்பிட்டுக் கணக்கெடுத்தார். சிறைக்குள் ஒருவர் 'முன்வருவது' எத்தகைய விருப்பம் என்ற கேள்வியை அக்காலம் எழுப்பியதாகத் தெரியவில்லை.

பஞ்சாபில் நோய் பரவி மருந்தின் தேவை பெருகியபோது, விரைவாகத் தயாரிக்கும்பொருட்டு கார்பாலிக் அமிலத்தைக் கைவிட்டு வெப்பத்தை மட்டுமே நம்பும் முறைக்கு அவர் மாறினார். 1902 அக்டோபர் 30 அன்று முல்கோவால் என்ற சிற்றூரில், '53என்' எனக் குறியிடப்பட்ட ஒரே குப்பியிலிருந்து ஊசி போடப்பட்ட 19 பேர், புண்வழி நுழையும் கிருமியால் தசைகள் விறைத்துப்போகும் ரணஜன்னி கண்டு இறந்தனர். பம்பாய்த் தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு, குப்பி திறக்கப்படும் முன்பே, அதாவது ஆய்வகத்திலேயே மாசுபட்டது என முடிவுகட்டியது. ஹாஃப்கின் பணியிலிருந்து நீக்கிவைக்கப்பட்டார்.

அக்குப்பியின் தக்கையை எடுக்கப் பயன்பட்ட இடுக்கி ஊசி போட்ட இடத்தில் தரையில் விழுந்ததும், அது தீயில் காட்டப்படாமலே மீண்டும் பயன்பட்டதும் சாட்சியத்திலேயே இருந்தும் குழுவின் முடிவில் அவற்றுக்கு உரிய எடை கிடைக்கவில்லை. ரணஜன்னிக் கிருமி வாழ்வது மண்ணில் என்பதால் இது சிறு குறையன்று. விசாரணை ஆவணங்கள் 1906இல் அச்சேறிய பிறகே வெளியார் அவற்றைச் சரிபார்க்க முடிந்தது. மலேரியா ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ், நோய்க்குறிகள் தோன்றப் பல நாள் ஆனதைக் காட்டி, ஊசியோடு சென்ற நஞ்சு மிகக் குறைவே, ஆய்வகத்திலேயே கிருமி நுழைந்திருந்தால் குப்பிக்குள் அது பெருகியிருக்கும் என்றும், மீந்த மருந்தில் பின்னர்க் கிருமி காணப்பட்டது அது எப்போது நுழைந்தது என்பதைச் சொல்லாது என்றும் வாதிட்டார். அவரும் பிற அறிஞர்களுமாகப் பதின்மர் கையெழுத்திட்ட கடிதம் 1907 ஜூலையில் 'தி டைம்ஸ்' இதழில் வெளிவந்தது. நவம்பரில் அரசு குற்றச்சாட்டைக் கைவிட்டது. ஆயினும் ஹாஃப்கின் தாம் அமைத்த பம்பாய் ஆய்வகத்துக்கன்றி, மனிதரிடம் மருந்தைச் சோதிக்கும் உரிமையும் இல்லாமல், கல்கத்தாவுக்கே அனுப்பப்பட்டார்.