தோட்டத்து மழைக் கணக்கு

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் என் அப்பா கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தார். காலையில் ஆபீஸ் முன் புல்தரைக்குப் போய், மழைமானியின் செப்புப் புனலைக் கழற்றி, சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றுவார். கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, அங்குலக் கணக்கை நோட்டில் எழுதுவார். பட்டை நனைந்தால் பால் கோட்டில் நிற்காது. மரத்தில் வழிந்து வீணாகும். மழை நாளில் வெட்டு கிடையாது. அந்த நோட்டைப் புரட்டினாலே எந்த மாதம் தொழிலாளர் லயத்தில் கைக்காசு குறைந்தது என்று தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட எண்களை நம்பித்தான் உலகத்தின் பெரிய காற்றழுத்த அலைவு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் மடிந்தது. பிழைத்தவர்களில் பலர் கப்பலேறினார்கள். பருவமழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்வியோடு 1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமையேற்றவர் கணிதவியலாளர் கில்பர்ட் வாக்கர். பல நாட்டுக் காற்றழுத்த, மழைக் கணக்குகளை இந்திய எழுத்தர்களைக் கொண்டு கையாலேயே ஒப்பிட்டார். பசிபிக்கில் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்குத் 'தென் அலைவு' என்று பெயர் வைத்தார். அதை எல் நினோ என்னும் பசிபிக் கடல் வெப்பத்தோடு 1969-ல் இணைத்தவர் ஜேக்கப் பியர்க்னஸ்.

எல் நினோ வந்தால் நம் தலைக்கு மேல் எழவேண்டிய ஈரக்காற்று கிழக்கே நகர்ந்துவிடும். 1997-ல் சுமத்ரா, கலிமந்தான் காடுகள் எரிந்த புகை ஜொகூரையும் மூடியது. 2015-ல் சுங்கை லாயாங் அணை வற்றி, பாசிர் கூடாங், மாசாய் வட்டாரத்தில் தண்ணீர்ப் பங்கீடு. லா நினா நேரெதிர்: 2011 ஜனவரிக் கடைசியில் சிகாமட் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டது.

ஆனால் ஜொகூரை உலுக்கிய 2006–07 வெள்ளம் பலவீனமான எல் நினோ காலத்தில் வந்தது. தென்சீனக் கடலின் வடகிழக்குப் பருவக்காற்றும் உத்தோர் சூறாவளியின் தாக்கமும் சேர்ந்து மழையைக் கொட்டின. டிசம்பரில் ஒருமுறை, ஜனவரியில் மறுமுறை கோத்தா திங்கி மூழ்கியது; லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளைவிட்டு வெளியேறினர். பசிபிக் வாய்ப்பைத்தான் கூட்டும், குறைக்கும். ஓர் ஊரின் கதை அந்த ஊர் மழைநோட்டில்தான் இருக்கிறது.

எங்கள் தோட்டம் கைமாறியபோது அப்பாவின் நோட்டுகளைக் குப்பையோடு எரித்தார்கள். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஓய்வுபெற்ற கிராணி வீட்டுப் பரணில் அப்படியொரு நோட்டு கிடந்தால், பக்கம் பக்கமாகப் படம் பிடியுங்கள். நாடே வெள்ளத்தில் தவித்த 1971 ஜனவரியையும், எல் நினோ தலையெடுத்த 1972-ஐயும் முதலில் எடுங்கள்.