மயிலைக் கடைகளில் குப்பைமேனி

ஐரோப்பாவில் நெட்டில் என்று அழைக்கப்படும் சுணைச்செடி குளிர்நாட்டுக்கு உரியது. அதன் இளந்தளிரைச் சூப் வைத்துக் குடிப்பதும், இலை வேகவைத்த நீரால் கூந்தலை அலசுவதும் அங்கே பழைய வழக்கம். சென்னையின் வெக்கை அந்தச் செடிக்கு ஒத்துவராது. இங்கே மருந்துக்கு உதவியவை வேறு இரண்டு செடிகள். ஒன்று காஞ்சொறி, மற்றது குப்பைமேனி. இரண்டும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை, ஐரோப்பியச் செடிக்கு நெருங்கிய உறவு கிடையாது. ஆனாலும் ஆங்கில நூல்களில் இரண்டுக்கும் ‘இந்திய நெட்டில்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. குப்பைமேனிக்குச் சுணையே இல்லை என்பதால் அந்தப் பெயர் அதற்குக் கொஞ்சமும் பொருந்தாது.

செந்தட்டி என்றும் சொல்லப்படும் காஞ்சொறி, வேலியோரத்தில் படரும் செடி. மேலே பட்டால் அரிப்பும் தடிப்பும் நிச்சயம். ஐரோப்பியச் செடியின் சுணை கண்ணாடி போன்ற சிலிக்கா நுனி கொண்டது. அது முறிந்ததும் ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் தோலுக்குள் இறங்கும். காஞ்சொறியின் அமைப்பே வேறு. அதன் ஒவ்வொரு சுணைக்குள்ளும் கால்சியம் ஆக்சலேட் படிகம் ஒன்று ஊசிபோல நிற்கிறது. அதுவே தோலைத் துளைக்கிறது. இலையை ஒதுக்கிவிட்டு வேரை எடுத்து மருந்தாக்கினர். சித்த மருத்துவத்தில் காஞ்சொறி வேருக்கு இடமுண்டு. ஆயுர்வேதத்தார் இதே செடியை விருச்சிகாளி என்பர்.

குப்பைமேனி சாதுவான செடி. மழை பெய்து நாலைந்து நாளானால் காலி மனை, சாக்கடை ஓரம், மதிற்சுவர் இடுக்கு என்று எங்கும் முளைத்துவிடும். மயிலாப்பூர் நெடிய ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகர் எழுந்தபோது உருவான மனைகளைப் போன்ற வெற்றிடங்கள்தான் இதற்கு மிகவும் பிடித்தவை. பூனைகளுக்கு இதன் வேர் மீது தனி மோகம். செடியைப் பிடுங்கி வைத்தால் தேடி வந்து உரசிப் புரளும். பூனைவணங்கி என்று இதற்கு இன்னொரு பெயர் இருப்பது அதனால்தான். எங்கும் இலவசமாகக் கிடைத்த செடி ஆகையால், நெடுங்காலம் இது கடைச்சரக்காகவே இருக்கவில்லை.

அச்சேறிய பதிவுகளில் பழையது, கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த அந்நூலில் குப்பைமேனி உள்ளூர்ப் பெயரோடும் படத்தோடும் இடம்பெற்றது. சென்னைக்கு உரிய கதை 19ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஒயிட்லா ஐன்ஸ்லி, தமிழ் வைத்தியர்களிடம் கேட்டும் கடைவீதிச் சரக்குகளைப் பார்த்தும் தொகுத்த மருந்து நூல் 1813இல் சென்னையில் அச்சானது. அதை விரித்து 1826இல் லண்டனில் அவர் வெளியிட்ட ‘மெட்டீரியா இண்டிகா’வில் காஞ்சொறி வேரும் குப்பைமேனியும் தமிழ்ப் பெயர்களோடு காணப்படுகின்றன. 1868இல் வெளியான அரசு மருந்து நூலான ‘பார்மகோப்பியா ஆஃப் இந்தியா’வில், குப்பைமேனி இலைச்சாறு குழந்தைகளுக்கு வாந்தி எடுக்கவைக்கும் மருந்தாகப் பயன்படுவதைச் சென்னை மருத்துவர் ஜார்ஜ் பிடி பாராட்டியிருந்தார். மறு ஆண்டே திருவல்லிக்கேணி மருத்துவர் முகைதீன் ஷெரீப் அந்நூலுக்கு ஒரு துணைநூல் எழுதி, மருந்துச் செடிகளின் பெயர்களைப் பல இந்திய மொழிகளில் ஒப்பிட்டுத் தந்தார். பெயர்க் குழப்பத்தால் தவறான செடியைக் கொடுத்துவிடும் ஆபத்து அன்று உண்மையிலேயே பெரிது. ஆகவே பல துரைமார்களின் புத்தகங்களைவிட இந்தத் துணைநூலே நடைமுறையில் அதிகம் உதவியிருக்கும்.

இந்தப் பதிவுகள் எல்லாம் உள்மருந்தைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றன: சளி கட்டிய குழந்தைக்குச் சாறு, வயிற்றுப் பூச்சிக்குப் பூண்டு சேர்த்த இலை, மலச்சிக்கலுக்குக் கஷாயம். வெளிப்பூச்சு என்றால் சொறி சிரங்குக்கு உப்போடு அரைத்துத் தடவுவதுதான். முகப்பொலிவு அந்தப் பட்டியலில் எங்கோ கடைசியில் இருந்தது.

20ஆம் நூற்றாண்டில் நாட்டு வைத்தியம் சென்னையில் நிறுவனமாக வேரூன்றியது. வி. கிருஷ்ணசாமி ஐயர் 1905இல் மயிலாப்பூரில் வேங்கடரமணா ஆயுர்வேத மருந்தகத்தையும் கல்லூரியையும் தொடங்கினார். நாட்டு மருத்துவத்தை ஆராய 1921இல் சென்னை அரசு முகம்மது உஸ்மான் தலைமையில் குழு அமைத்தது. அதன் பலனாக 1925இல் அரசு இந்திய மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. அதன் முதல்வரான கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி பின்னர் அடையாறு நூலகத்தின் இயக்குநராகவும் இருந்தவர். 1944இல் தோன்றிய, இம்காப்ஸ் என்று ஊரார் அறியும் மருத்துவர் கூட்டுறவு மருந்தகத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். திருவான்மியூரில் இயங்கும் இம்காப்ஸ் இன்றும் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளைத் தயாரிக்கிறது.

சாதாரண மக்கள் போனதோ நாட்டு மருந்துக் கடைக்கு. நூறாண்டைத் தாண்டிய கச்சேரி சாலை டப்பா செட்டி கடையைத் தெரியாத பழைய மயிலாப்பூர்வாசி அரிது. சரக்குகளைத் தகர டப்பாக்களில் அடுக்கி வைத்திருந்ததால் வந்த பெயர் அது. தீபாவளி லேகியச் சாமான், பிரசவ மருந்து, குளியல் பொடிக்கான கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ என்று வீட்டுக்கு வேண்டியதை எல்லாம் இத்தகைய கடைகளில் சொல்லி வாங்கலாம். வியாதியைச் சொன்னால் பக்குவமும் சேர்த்துச் சொல்லி அனுப்புவார்கள்.

காலி மனைகள் அடுக்குமாடிகளாக மாற மாற, பறிக்கச் செடி கிடைப்பது குறைந்தது. குப்பைமேனி பொடியாகிப் பொட்டலத்தில் ஏறியது. கூடவே அதன் வேலையும் மாறியது. இன்று அதைக் கேட்டு வாங்குவோரில் பலர் பருவுக்கும், மஞ்சளோடு குழைத்து முகத்து முடியைக் குறைக்கவும்தான் வாங்குகிறார்கள். கிருமிகளைத் தடுக்கும் ஆற்றல் இலைச்சாற்றுக்கு இருப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஆகவே சொறி சிரங்குப் பூச்சு அர்த்தமில்லாத பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. முடி உதிரும் என்பதற்கு அப்படி உறுதியான சான்று ஏதுமில்லை. பச்சை இலைக்கும் பொடிக்கும் சிலருடைய தோல் எரிச்சல் காட்டும் என்பதால் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்ப்பது நல்லது.

உள்ளுக்குச் சாப்பிடுவதில்தான் உண்மையான ஆபத்து. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இச்செடி ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். குப்பைமேனி சேர்த்த மூலிகைக் கஞ்சி குடித்துச் சிலர் இவ்வாறு பாதிக்கப்பட்டதை 1996இல் இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்தனர். சிறுநீர் கருத்துப்போவதும் கண் மஞ்சளாவதும் இதன் அறிகுறிகள். நொதிக் குறை உள்ளவருக்கே அது இருப்பது பெரும்பாலும் தெரியாது. ரத்தப் பரிசோதனையில்தான் தெரியவரும். 19ஆம் நூற்றாண்டு நூல்கள் குழந்தைகளுக்குத் தயங்காமல் சொன்ன இலைச்சாற்றை இன்றைய மருத்துவர்கள் தயங்கியே பார்ப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.