இசைக்கு உபயகாரர் யார்?

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் ஆண்டுப் பெருவிழா 25 நாள்கள் நடைபெறுவது. அந்நாள்களிலே வீதி மணலில் நின்று நாதஸ்வரமும் தவிலும் கேட்பவர் எவரும் அதற்கெனக் காசு கொடுப்பதில்லை. கொடுக்கும்படி எவரும் கேட்பதுமில்லை. இதனைக் கண்டு பழகியோர், இசை காற்றைப்போல யாவர்க்கும் பொது, அதற்கு விலை கூறுதல் தகாது என்பர். இணையத்திலிருந்து பாடல்களைக் காசின்றித் தரவிறக்கம் செய்யும் இளைஞரும் ஏறக்குறைய இதையே கூறுகின்றனர்.

அவ்வாதம் கேட்பதற்கு இனிது. ஆயினும் வரலாற்றின் ஒரு பாதியை அது மறந்துவிடுகின்றது. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே திருவிழா நாள்களுக்கு உபயகாரர் உண்டு. எண்ணெய், பூ, சாத்துப்படி ஆகியவற்றோடு மேளக்காரருக்குரிய சன்மானமும் அவர் பொறுப்பே. யாருடைய திருவிழாவுக்கு எத்தனை கூட்டம் மேளம் வந்தது என்பதிலே ஊருக்குள் போட்டியும் நிகழ்ந்ததுண்டு. தஞ்சை நாட்டு வித்துவான்களைக் கடல் கடந்து அழைத்ததும், அளவெட்டி, இணுவில் முதலிய ஊர்களிலே தலைமுறை தலைமுறையாக இசைக் குடும்பங்கள் நிலைத்ததும், தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) போன்றோர் தமிழகத்தையே வியக்க வைத்ததும் இந்த ஆதரவின் பயனே. வீதியில் நின்றவர் கொடாத கூலியை வேறொருவர் முன்னரே கொடுத்திருந்தார். காசின்றிக் கேட்டல் வேறு. கூலியின்றி வாசிப்பித்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதிலேதான் பிழை தொடங்குகின்றது.

இசையை இசைப்பவரிடமிருந்து பிரித்தது ஒலிப்பதிவு. 1902ஆம் ஆண்டிலே கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகி கிராமபோன் கம்பெனிக்காகப் பாடினார். அதன் பின்னர் பாடியவர் உறங்கும்போதும் அவர் குரல் விலைபோயிற்று. அவ்விலை யாருக்குச் சேர்வது என்ற வினா தமிழரிடையே மிகக் கூர்மையாக எழுந்தது பாரதியார் பாடல்களை முன்னிட்டேயாகும்.

பாரதியார் 1921இல் மறைந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டில் பதிக்கும் உரிமை பின்னர் வணிகர் கைக்கு மாறி, முடிவிலே படத்தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பரிடம் சேர்ந்தது. 1947இல் வெளிவந்த அவருடைய ‘நாம் இருவர்’ படத்திலே டி.கே. பட்டம்மாள் பாரதி பாடல்களைப் பாடினார். மறு ஆண்டு டி.கே.எஸ். சகோதரர் ‘பில்ஹணன்’ படத்திலே பாரதி பாடலொன்றைச் சேர்க்கவே, வழக்கு மூண்டது. மகாகவியின் பாட்டு ஒருவர் பெட்டகத்திலே பூட்டப்படுவதா என்று எழுத்தாளரும் கலைஞரும் கிளர்ந்தெழுந்தனர். 1949இல் சென்னை அரசாங்கம் அவ்வுரிமையைத் தனதாக்கிக்கொண்டது. மெய்யப்பர் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். பின்னர் அப்பாடல்கள் நாட்டுக்குப் பொதுவாயின.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பாட்டைப் பொதுவாக்கிய அரசாங்கம் கவிஞரின் வீட்டை மறந்துவிடவில்லை. மனைவி செல்லம்மாளுக்கும் மகளிர் இருவருக்கும் ஆளுக்கு 5000 ரூபா வழங்கியது. ஊரெல்லாம் வாயாரப் பாடிய பாட்டுக்கு அது பெருந்தொகை என்று எவரும் சொல்லார். எனினும் பொதுவுடைமைக்கும் ஓர் உபயகாரர் வேண்டும் என்னும் முறைமை அங்கே காக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்திலே அம்முறைமை தளர்ந்தது ஒலிநாடாக் காலத்திலாகும். 1980களிலே நகரெங்கும் ‘றெக்கோடிங் பார்’ எனப்பட்ட கடைகள் இருந்தன. விரும்பிய பாடல்களைத் தாளில் எழுதி வெறும் நாடாவோடு கொடுத்தால், சில நாளில் அவை பதிவாகிக் கிடைக்கும். நாடா செய்த கம்பெனிக்குப் பணம் போயிற்று. பதிந்த கடைக்காரருக்குப் பணம் போயிற்று. மின்சாரத்துக்கும் பணம் போயிற்று. பாடியவர் ஒருவரே அக்கணக்கில் இல்லை. இதனைத் திருட்டென அக்காலத்தில் எவரும் எண்ணவில்லை. கடைக்குச் சென்று காசு கொடுத்து வாங்குவதெல்லாம் நேர்மையான கொள்வனவே என்று கண்ணியமான குடும்பத்தினரும் நம்பினர்.

1999இல் அமெரிக்காவிலே ‘நாப்ஸ்டர்’ தோன்றிய பின்னர் அக்கடையும் வேண்டாததாயிற்று. நீதிமன்றத் தீர்ப்பினால் 2001இல் அது ஓய்ந்தபோதிலும் அது கற்பித்த பழக்கம் ஓயவில்லை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பாட்டை ஆக்கியோருக்கு மட்டுமன்றி அதனைப் பாடி இசைப்போருக்கும் உரிமை வழங்கியுள்ளது. சட்டம் நூலில் இருக்கின்றது. பாடல் கைத்தொலைபேசியில் இருக்கின்றது. இரண்டும் சந்திப்பது அரிது.

மறுபக்கமும் சொல்லாமல் விடுதல் நியாயமன்று. கோயில் வீதியிலே இரசிகர் தம் விருப்பத்துக்காகப் பதிந்து வைத்த நாடாக்கள் இல்லையேல், பழைய வித்துவான்கள் பலரின் வாசிப்பு அவர்களோடு மறைந்திருக்கும். தட்சிணாமூர்த்தியின் தவிலை அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும் உலகெங்குமுள்ள தமிழர் கேட்பது பதிந்தும் பகிர்ந்தும் வைத்தோரால்தான். அவர்கள் காத்தது பெரிது. கலைஞரின் குடும்பத்துக்கு அதனால் என்ன சேர்ந்தது என்பது வேறு வினா.

இன்று நல்லூர்த் திருவிழாவிலே மேளம் முழங்கத் தொடங்கியதும் நூறு கைத்தொலைபேசிகள் உயர்கின்றன. அன்றிரவே அவ்விசை லண்டனையும் ரொறன்ரோவையும் எட்டிவிடுகின்றது. அப்பதிவுகள் பலவற்றின் கீழே கோயிலின் பெயர் இருக்கும். எத்தனையாம் திருவிழா என்பதும் இருக்கும். வாசித்தவரின் பெயரைத்தான் தேடிப் பார்க்க வேண்டியுள்ளது.